கூடத்துக்குள் நுழையும் எக்ஸ்பிரஸ்

பொம்மை ரயிலை வீடியோ எடுப்பதில் ரயிலால் ஒரு தொல்லையும் கிடையாது. தண்டவாளத்தை வட்டமாகப் போட்டுவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். தொல்லையெல்லாம் வீட்டால்தான்.

என்னிடம் இருப்பது ஹெச்.ஓ. ரகம். நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. நின்றபடி எடுத்தால், ஹெலிகாப்டரில் வெள்ளச் சேதம் பார்வையிடும் அமைச்சருக்குத் தெரிவதுபோலத்தான் தெரியும். பிளாட்பாரத்தில் நிற்கிற ஆளின் பார்வை வேண்டுமா, லென்ஸ் தரையிலிருந்து 2 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். செல்போனைத் தலைகீழாக நிறுத்தினால் போன் சரியாகிவிடும். பின்னால் நான் குப்புறப் படுக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. என் மனைவியிடம்தான், தணிந்த குரலில், "சாருக்கு என்னம்மா ஆச்சு?" என்கிறார்கள்.

அந்த உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டெறும்பு தண்டவாளத்தைக் கடந்தால், கணக்குப்படி அது ஓர் ஆடு. பல்லி வந்தால் ஒன்பது மீட்டர் டைனோசர். சோபாவுக்கு அடியில் துடைப்பம் எட்டாத இடங்களும் துல்லியமாகப் பதிவாகும். அந்தக் காட்சியை வீட்டில் போட்டுக் காட்டாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

அடுத்தது ஆட்டம். வளைவில் பெட்டி வெடுக்கென்று குலுங்கும்போதே பிளாஸ்டிக் என்று குட்டு உடைந்துவிடும். அதற்குத்தான் சினிமாக்காரர்கள் மினியேச்சரை ஸ்லோமோஷனில் எடுத்தார்கள். 87-க்கு வர்க்கமூலம் ஒன்பது சொச்சம். அத்தனை மடங்கு மெதுவாக்கினால் பெட்டிக்கு டன் கணக்கில் எடை வந்துவிடும். செல்போனில் நொடிக்கு 240 பிரேம் எடுத்து 24-ஆக ஓட்டினால் போதும். ஆனால் அப்படி ஓட்டும்போது 100 கி.மீ. வேகம் தெரிய வேண்டுமானால், கூடத்தில் வண்டி நொடிக்கு 3 மீட்டர் பாய வேண்டும். பாய்ந்தால் பூஜையறையில்தான் போய் நிற்கும். ஆகையால் என் எக்ஸ்பிரஸ்கள் எல்லாமே ஸ்டேஷனுக்குள் மெல்ல நுழைகிற எக்ஸ்பிரஸ்கள். லூமியேர் சகோதரர்கள் 1896-இல் திரையிட்டுக் காட்டியதும் ஸ்டேஷனுக்குள் நுழைகிற ரயிலைத்தானே!

டியூப்லைட் ஸ்லோமோஷனில் மினுக்கித் தொலைக்கும். ஜன்னல் வெயில் வருகிற பதினோரு மணிக்குத்தான் படப்பிடிப்பு. அப்போதுதான் குக்கரும் வைப்பார்கள். முதலில் சண்டை போட்டேன். பிறகு கேட்டுப் பார்த்தால், விசில் பத்து மடங்கு இழுபட்டு, சுருதி இறங்கி, அசல் டீசல் இன்ஜின் ஹாரன்! இப்போது விசில் வரும்வரை வண்டியை எடுப்பதில்லை. "உங்க ரயிலுக்காக நான் இன்னொரு தரம் பருப்பு வேகவைக்க முடியாது" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் பெரியப்பா வந்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைப் போட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுசாகப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"சிக்னல் சிவப்பு. வண்டி எப்படித் தாண்டி வந்துது?"

சுவரோரம் கொசுவிரட்டி மெஷினின் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சிவப்பைத் தாண்டினா சஸ்பென்ஷன், தெரியுமில்ல? யாருடா டிரைவர்?"

கன்ட்ரோலரைக் கையில் வைத்திருந்த என் மகள், கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினாள்.