மிஸ்ஸிங் இலக்கணம்

மிஸ்ஸிங் எனப்படுவது, பெட்ரோல் இன்ஜினின் ஒரு சிலிண்டர் தன் முறை வந்தும் எரியாமல் விடுவது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். ஒன்றிரண்டு தவறினால் யாருக்கும் தெரியாது. தொடர்ந்து தவறினால் ஸ்டீயரிங் நடுங்கும், பிக்கப் குறையும், பின் சீட்டிலிருந்து கருத்துகள் வரும்.

காரணம் பற்றி உரையாசிரியர்கள் முரண்படுவர். பெட்ரோல் கலப்படம் என்பர் ஒரு சாரார்; இவர்கள் பெரும்பாலும் வண்டியின் உரிமையாளர்கள். நான்கு சிலிண்டரும் ஒரே டேங்க் பெட்ரோலைக் குடிக்க, இரண்டாவதற்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு இவர்களிடம் விடையில்லை. ‘பிளக்க மாத்திடலாம் சார்’ என்பது பட்டறை மரபு. பழமையானது, பல நேரம் சரியானதும்கூட. பக்கத்து வீட்டுக்காரர் உரை பானெட்டைத் திறந்து, ‘வண்டியக் குடுத்துடுங்க’ என்று முடியும்.

மூலச்சான்று ஸ்கேனரில் உள்ளது. எந்தச் சிலிண்டரின் முறையில் சுழற்சி தளர்கிறது என்று கிராங்க் சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனர் காட்டும் குறியீடு பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர். பி0300 என்றால் குற்றவாளி ஒருவரல்லர். குறியீட்டைப் பார்த்தவுடன் இன்ஜெக்டர் வாங்க ஓடுவோர் உளர். குறியீடு இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

காரணம் காண இடமாற்று முறையே சிறந்தது, கைக்காசும் போகாது. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதன் காயிலை இங்கே மாட்டி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். பி0303 வந்தால் காயில் பழுது. மீண்டும் பி0302 வந்தால் காயில் விடுதலை. அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர். எதை மாற்றியும் குறியீடு நகராவிட்டால் வயரிங்கையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருந்தால், ஆய்வு அங்கிருந்து வங்கிக் கணக்கை நோக்கித் திரும்பும்.

ஐடிலிங்கில் நடுங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தெளிந்தால் இன்டேக்கில் காற்றுக் கசிவைத் தேடுக. ஏற்றத்தில் மட்டும் தவறினால் பிளக், காயில் மேல்தான் முதல் சந்தேகம்.

மெக்கானிக்கைக் கண்டதும் மறையும் மிஸ்ஸிங் தனி வகை. இதில் மாயமில்லை. குளிர்ந்த இன்ஜினில் காலையில் வருவது, பட்டறை போய்ச் சேர்வதற்குள் சூடேறி அடங்கிவிடுகிறது. இரவு வண்டியைப் பட்டறையிலேயே விட்டு, காலையில் மெக்கானிக்கையே ஸ்டார்ட் செய்யச் சொல்வதே இதற்கு வழி.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறை வரை மெல்ல ஓட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் கூடாது: எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் காயில் மலிவு. வண்டியை ஓரங்கட்டுக.