எத்தியோப்பியாவுக்காகப் பேசும் ஏரியூர்ப் பையன்

கோவையில் கல்லூரி படிக்கும் ஏரியூர்ப் பையன், பென்னாகரத்தில் பஸ் மாறி வீடு வந்து சேரும்போது முதுகில் லேப்டாப், கையில் இரவல் கோட்டு. "என்னப்பா, பொண்ணு பார்க்கவா?" என்று கேட்டால் முகம் சுளிப்பான். "மாதிரி ஐ.நா. சபைண்ணா. நான் எத்தியோப்பியா."

மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக நின்று ஐ.நா. போலவே விவாதிக்கும் அந்தக் கூத்தில் இந்த வகைக்கு டெலிகேட் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு நாடு பிடிப்பான். போன வருஷம் நார்வே; வேர்வை துடைத்துக்கொண்டே பனிப்பாறைக்காக மூன்று நாள் மனம் நொந்தான். இந்த முறை நீல நைல் அணை. விதியைப் பாருங்கள்: பிலிகுண்டுலுவில் இன்று காவிரி எத்தனை ஆயிரம் கன அடி என்று கேட்டுவிட்டே காபியைத் தொடுகிற வீட்டுப் பிள்ளைக்கு, மேலே இருந்துகொண்டு அணை கட்டிய நாடு வாய்த்திருக்கிறது.

திண்ணையிலிருந்து அப்பா கேட்டார்: "மேல இருக்கறவன் கட்டறது நியாயம்னு நீயே எழுதறயாடா?"

"நான் எழுதலப்பா. எத்தியோப்பியா எழுதுது."

"அப்ப ராத்திரி சோத்தை எத்தியோப்பியாவையே போடச் சொல்லு."

முதலில் பொசிஷன் பேப்பர், அதாவது நாட்டின் நிலைப்பாடு. ஒன்றிரண்டு பக்கம்தான், ஆனால் 'நான்' வரக்கூடாது, நாடுதான் பேச வேண்டும். பழகப் பழக அது வாய்க்கும் வந்துவிடுகிறது. "எத்தியோப்பியப் பிரதிநிதிக்கு இன்னொரு களி உருண்டை" என்கிறான்.

சும்மா சொல்லக்கூடாது, படிக்கிறான். 1959இல் எகிப்தும் சூடானும் நைலைப் பங்கு போட்டுக்கொண்டன: எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. தண்ணீரில் பெரும்பகுதியை அனுப்பிவைக்கும் எத்தியோப்பியாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை வாசித்துக் காட்டியதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "ஆனா நம்ம கேஸ் வேற" என்றார்.

இரவில் வரைவுத் தீர்மானம். எத்தனை பக்கம் ஓடினாலும் அது ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது சபை மரபு. 'நினைவுகூர்ந்து', 'கவலைகொண்டு', 'வரவேற்று' என்று எச்சமாகவே அடுக்கி, பிறகு எண் போட்டுக் கோரிக்கைகளை வைத்து, முற்றுப்புள்ளியைக் கடைசி வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். ஐ.நா.வின் நதிநீர் உடன்படிக்கையிலிருந்து தலைமடைக்காரன் 'நியாயமான பயன்பாடு' என்பதை உருவிக்கொள்வான். கடைமடைக்காரன் 'பெருந்தீங்கு கூடாது' என்பதை. 1997இல் அந்த உடன்படிக்கை பொதுச்சபையில் ஓட்டுக்கு வந்தபோது எகிப்து, எத்தியோப்பியா, நம் இந்தியா மூன்றுமே எந்தப் பக்கமும் சாயாமல் ஒதுங்கிக்கொண்டன. டெலிகேட்டுகள்தான் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் அம்மா ஒரு வேலை சொன்னார். குடியரசு நாள் கிராமசபையில் கொடுக்க, தெருக்குழாய் பற்றி ஒரு மனு. பையன் 'ஆழ்ந்த கவலையுடன் குறிப்பிட்டு' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

"இதுல குழாய் எங்கடா வருது?"

"நாலாவது கூறுலம்மா."

அம்மா பென்னாகரம் தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதுகிறவரிடம் போனார். 'மேற்படி விலாசத்தில் குடியிருந்து வரும் நான்' என்று ஆரம்பித்து அவர் கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். அதுவும் ஒரே வாக்கியம்தான்.