பயறு மாத்தின ராத்திரி

வாய்யா, வா. கையில என்ன மூட்டை? அவுரு, பாப்போம். ஐஸ் குச்சி நூறு. கலர் பேப்பர். ஜிகினாத் தூள். பெவிக்கால் டப்பா ரெண்டு. பஞ்சு ஒரு கட்டு. எய்யா, ஆசுபத்திரி வைக்கப் போறியா, இல்ல அம்மன் கொடைக்குச் சப்பரம் கட்டப் போறியா?

எல்.கே.ஜி.க்கா? அதான பாத்தேன். நாளைக்குக் காலையில ஐஸ் குச்சியில வீடு கட்டிக் கொண்டாரணும்னு 'ஆக்டிவிட்டி' குடுத்துருக்காக. சரி, ராத்திரி யாரு கட்டுவா? உன் பொஞ்சாதி கட்டுவா. நீ குச்சிய ஒட்டுற வரைக்கும் புடிச்சுக்கிட்டு இருப்ப. பய தூங்குவான். காலையில அவன் பேரை எழுதி ஒட்டிக் கொண்டு போவீக. மிஸ்ஸு மூணு ஸ்டாரு போடுவாக. அந்த ஸ்டாரு யாருக்குய்யா? உனக்கு முப்பது தாண்டிருச்சு. இன்னுமா எல்.கே.ஜி. பாஸாகல?

உக்காரு. இந்த வேப்பமரத்துக் காத்துக்கு நான் பீஸு கேக்க மாட்டேன். பயலை விடு. அந்த அடிபம்புப் பக்கம் போறான், போகட்டும். மண்ணுதான, கடிக்காது.

கைவேலைக்கு நான் எதிரின்னு நெனச்சுப்புடாத. கையில தொடாம உலகத்துல எதுய்யா தெரிஞ்சிருக்கு? கரிசல் மண்ணு வெதைக்குப் பதமா இருக்கான்னு உள்ளங்கையில வச்சு உருட்டிப் பாத்தாத்தான் தெரியும். உழுந்து காஞ்சிருச்சான்னு பல்லுல கடிச்சாத் தெரியும். பிள்ளைக்கும் அப்படித்தான. வெரலு தொட்டதைத்தான் புத்தி நம்பும். அதைச் சொல்லுற பள்ளிக்கூடத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா வெரலு யாரு வெரலு? அங்கனதான் எனக்குச் சிரிப்பாணி.

போன மாசம் கண்ணுல ஆபரேசன். டவுன்ல மகன் வீட்டுல பத்து நாள் கெடந்தேன். ஒரு கண்ணைக் கட்டிப் போட்டுட்டாக. மத்த ஒரு கண்ணால பாத்ததுதான் இம்புட்டும். ரெண்டு கண்ணாலயும் பாத்திருந்தா என்ன ஆயிருப்பேனோ.

பேத்தி எல்.கே.ஜி. பயறு மொளைக்க வைக்கிறது அந்த வாரத்து ஆக்டிவிட்டி. பிளாஸ்டிக் கப்பு, அதுல பஞ்சு, பஞ்சு மேல ஆறு பாசிப்பயறு. சனிக்கிழமை வச்சா, புதன்கிழமை கொண்டு போகணும். நல்ல காரியம்தான. பிள்ளை ஒரு பயறுக்கு மீனாட்சின்னு பேரு வச்சுட்டா. தனக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் மீனாட்சிக்கும் ஊத்துனா. கப்பு நெறைய ஊத்துனா. மணிக்கு ஒருக்கா வெரலை விட்டுக் கிண்டிப் பாத்தா. செவ்வாக்கிழமை சாயங்காலம் கப்புல இருந்து ஒரு வாடை. பயறு ஆறும் கொழகொழன்னு ஊறிப் போயிருச்சு.

பிள்ளை தூங்குனதும் வீட்டுல ஒரே அமளி. மருமக நாலு பேருக்குப் போன் போட்டா. "உங்களுக்கு வந்துருச்சா? எங்களுக்கு வரலை"ங்கா. கேக்குறவன் பிரசவ ஆசுபத்திரின்னு நெனப்பான். மகன் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடுனான். அங்க பெரிய கடையில மொளகட்டுன பயறையே பாக்கெட்டுல விக்கான். மணி பத்தரைக்கு மருமக புதுப் பஞ்சு வச்சு, தலைமுடி ஊசியால ஒவ்வொரு மொளையா நட்டா. சும்மா சொல்லக் கூடாது, வரிசை பிசகாம நட்டா. என் காட்டுல நடவாள் கெடைக்காத நேரத்துல இவளைக் கூப்பிட்டிருக்கலாம்.

காலையில பிள்ளை கப்பைப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. "இது மீனாட்சி இல்ல"ன்னுச்சு. "அதேதாண்டா செல்லம், ராத்திரியே வளந்துட்டா"ங்கா அம்மாக்காரி. பிள்ளை ஒண்ணும் பேசல. கப்பைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு.

மத்தியானம் மருமக போன்ல போட்டோ வந்துச்சு. முப்பத்தோரு கப்பு. முப்பத்தொண்ணுலயும் ஒரே உசரத்துக்கு மொளை. ஏலே, நான் அறுவது வருசம் வெதச்சவன். ஒரு சாக்குல அள்ளுன வெதை ஒரே உசரத்துல மொளச்சு ஒரு நாளும் பாத்ததில்ல. அன்னைக்கு ராத்திரி அந்தக் கடையில பயறு பாக்கெட்டு பூராம் தீந்திருக்கும்.

சாயங்காலம் பிள்ளை எம் பக்கத்துல வந்து உக்காந்து கேட்டா, "தாத்தா, மீனாட்சி எங்க?" எனக்குப் பொய் வரல. செத்துப் போச்சுன்னேன். ஏன்னா. தண்ணிக்குள்ள முங்கிட்டா, வெதைக்கும் மூச்சு விடணும்லன்னேன். பிள்ளை கொஞ்சம் யோசிச்சு, "பயறுக்கு மூக்கு எங்க தாத்தா இருக்கு?"ன்னுச்சு.

இந்தா, இதுதான்யா பாடம். வாடை அடிச்ச கப்பை அப்படியே வகுப்புக்குக் கொண்டு போயிருந்தா இந்தக் கேள்வி அங்கன வந்திருக்கும். மத்த முப்பது பிள்ளைகளும் கேட்டிருக்கும். அதைத்தான் நடு ராத்திரி குப்பைத் தொட்டியில கொட்டுனாக.

மறுநாள் நானும் அவளும் பயறை ராத்திரி பூராம் ஊறப்போட்டு, தண்ணிய வடிச்சு, ஈரத் துணியில முடிஞ்சு ஒரு செரட்டைக்குள்ள வச்சோம். ஒரு நாள்ல வெள்ளையா நீட்டிக்கிட்டு வந்துச்சு. "மூக்கு வந்துருச்சு!"ன்னு அவ போட்ட சத்தத்துல என் கண்ணுக் கட்டே அவுந்திருக்கும். ரெண்டு பயறு வரல. அதையும் அவளே எண்ணிச் சொன்னா. இதுக்கு ஸ்டாரு கெடைக்கல.

இன்னொரு நாள் அரிசிக்குச் சாயம் ஏத்துனாக. ஒரு கிலோ அரிசி, ரோஸு, பச்சை, நீலம். என்னத்துக்குன்னு கேட்டேன். 'சென்சரி டிரே'யாம். பிள்ளை அரிசிக்குள்ள கையை விட்டு அளையுமாம், தொடு உணர்ச்சி வளருமாம். வளரட்டும். ஆனா அதே பிள்ளை முந்தின நாள் சமையக்கட்டுல அரிசி டப்பாவுக்குள்ள கையை விட்டப்போ பொறங்கையில ஒரு அடி விழுந்துச்சே, அப்ப அந்த உணர்ச்சி லீவுல போயிருந்துச்சா?

அதைவிடு. 'கம்யூனிட்டி ஹெல்பர்ஸ் டே'ன்னு ஒண்ணு. பேத்திக்குச் சம்சாரி வேசம். மையில மீசை, தலையில துண்டு, பிளாஸ்டிக் பண்ணருவா. வாடகை முந்நூறு ரூவா. அசல் சம்சாரி வாடகை இல்லாம பக்கத்துலயே உக்காந்திருக்கேன், ஒத்தைக் கண்ணோட. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பிள்ளை பண்ணருவாளை வாள் மாதிரி ஓங்கிக்கிட்டு நிக்கி. "அதை இப்படிப் புடிக்கணும் ஆத்தா"ன்னேன். "மிஸ்ஸு அப்படிச் சொல்லல தாத்தா"ன்னுட்டா.

நம்ம ஊரு லைப்ரரியில இருக்கது கொஞ்சம் புஸ்தகம்தான். அதனால எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சவன் நான். உன் பய எல்.கே.ஜி.யில வர்ற கிண்டர்கார்டன்னா ஜெர்மன்காரன் பாஷையில பிள்ளைத் தோட்டம். பிரோபெல்னு ஒரு மனுசன் 1837-ல பிளாங்கன்பர்க்னு சின்ன ஊர்ல தொடங்கி, 1840-ல இந்தப் பேரை வச்சார். பிள்ளை கையில அவர் மொதமொத என்னத்தக் குடுத்தார் தெரியுமா? கம்பளி நூல் பந்து. ஆறு நெறம், ஆறு பந்து. அதுக்கடுத்து மரத்துல ஒரு உருண்டை, ஒரு சதுரக் கட்டை, ஒரு உருளை. உருண்டை உருளும். கட்டை உக்காரும். உருளை ரெண்டும் செய்யும். அம்புட்டுதான் சாமான். இதுக்குப் போயி 1851-ல பிரஷ்யா அரசாங்கம் மெரண்டு அம்புட்டுத் தோட்டத்தையும் மூடச் சொல்லிருச்சு. நாத்திகமாம், சோசலிசமாம். நூல் பந்துல! அடுத்த வருசம் மனுசன் கண்ணை மூடிட்டார். 1860-லதான் தடையை எடுத்தாக. பிள்ளை தன் போக்குல ஒரு காரியம் செஞ்சாப் பெரியவுகளுக்கு அன்னைக்கே வயித்தைக் கலக்கியிருக்கு.

அப்புறம் மாண்டிசோரி அம்மா. டாக்டருக்குப் படிச்சவுக. 1907-ல ரோமாபுரியில சான் லொரென்சோன்னு ஏழைபாழைக குடியிருந்த பக்கம், வேலைக்குப் போற சனத்தோட பிள்ளைகளை வச்சு ஆரம்பிச்சாக. அந்த அம்மா பேரை போர்டுல எழுதிக்கிட்டு இன்னைக்கு எம்புட்டு வாங்குறாகன்னு உன் சட்டைப்பையில இருக்க ரசீதைக் கேளு. 1939-ல நம்ம மெட்ராசுக்கே வந்து, அடையாறுல ஓலைக் கொட்டகையில வாத்திமாருக்குச் சொல்லிக் குடுத்தாக. சண்டை வந்துருச்சு. இத்தாலிக்காரவுகன்னு வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்ப விடல. கொடைக்கானல்ல கொஞ்ச காலம் இருந்தாக. அவுக பிள்ளைக கையில நெசமான கண்ணாடி டம்ளரும் பீங்கானும் குடுத்தாக. எதுக்கு? கை தவறுனா ஒடையும்ல. ஒடைஞ்சா கைக்குப் புத்தி வரும்ல. பிளாஸ்டிக் டம்ளரு விழுந்தா என்ன ஆகும்? நம்ம ஊரு வேட்பாளர் மாதிரி எந்திரிச்சு உக்காந்துக்கிடும்.

உன் லிஸ்ட்டுல இது என்ன, 'சாண்ட் டிரே'யா? மணலைக் காசு குடுத்தா வாங்குன? பெல்னு ஒரு வெள்ளைக்காரப் பாதிரி, மெட்ராஸ் எழும்பூர்ல அனாதைப் பிள்ளைக பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிட்டவர். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மணலைப் பரப்பி வெரலால எழுதுறதைப் பாத்தார். தன் பள்ளியிலயும் அதையே வச்சார். சீமைக்குப் போயி 1797-ல புஸ்தகமே போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னு அங்க பேரு. அந்த மணலு இப்ப ரெண்டு கிலோ பாக்கெட்டா உன் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கு. கொல்லத் தெருவுல ஊசி வித்தவன் கெட்டிக்காரனா, வாங்குனவன் கெட்டிக்காரனா?

உடனே மீசையை முறுக்காத, எல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் கண்டதுன்னு. அந்தத் திண்ணை மணலு எல்லாப் பிள்ளை வெரலுக்குமா எட்டுச்சு? ஊருக்கு ஒதுக்குப்புறத்துல இருந்த பிள்ளை திண்ணையை மிதிக்க முடிஞ்சுச்சா? பொட்டப்பிள்ளைக எத்தனை உக்காந்துச்சு? பாடம் வரலைன்னா கோதண்டம் போடுவாக. கையைக் கட்டி உத்தரத்துல தொங்கவிடுறது. எங்க அய்யா அதைச் சொல்லும்போது எழுவது வயசுலயும் மணிக்கட்டைத் தடவிக்கிடுவார். மணலு நல்ல மணலுதான். திண்ணையைப் பத்தி வாயைத் தொறக்கும்போது யோசிச்சுத் தொறக்கணும்.

இன்னொரு கூத்தையும் கேளு. 2003-ல மெட்ராஸ் கார்ப்பரேசன் பள்ளிக்கூடங்கள்ல செயல்வழிக் கற்றல்னு ஆரம்பிச்சாக. நாலஞ்சு வருசத்துல மாநிலம் பூராம் வந்துருச்சு. நம்ம ஊரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கும் வந்துச்சு. வாத்தியார் நாற்காலியை விட்டு எறங்கிப் பாயில உக்காந்தார். பிள்ளைக கைக்கு எட்டுற உசரத்துல சுவரு நெடுகக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்துல படி ஏறிப் போகும். எல்லாம் இலவசம். நம்ம சனம் என்ன சொல்லுச்சு? "வாத்தியாரு பாடமே நடத்தல, பிள்ளைகளை வெளையாட விட்டுட்டாரு"ன்னு டீக்கடையில பஞ்சாயத்து. அப்படிச் சொன்னவுக மகன்மாரு இப்ப டவுன்ல கடன் வாங்கிப் பீஸு கட்டிட்டு, "எங்க பிள்ளை ஸ்கூல்ல விளையாட்டாவே சொல்லித் தர்றாங்க"ன்னு பெருமை பேசுறாக. உங்க அப்பன் அந்த டீக்கடையில எந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தான்னு கூட எனக்கு ஞாபகம் இருக்கு. வேண்டாம், விடு.

இதுவும் லிஸ்ட்டுல இருக்கா, பிளே டோ? அது அமெரிக்காவுல சின்சினாட்டியில, சுவத்துக் காகிதத்துல படிஞ்ச கரியைத் துடைக்கச் செஞ்ச மாவுய்யா. கரியடுப்பு போனதும் அது விக்கல. ஒரு நர்சரி டீச்சரம்மா பிள்ளைகள்ட்டக் குடுத்துப் பாத்தாக. 1956-ல பொம்மை மாவாக் கடைக்கு வந்துருச்சு. அந்த அம்மாவைப் பாராட்டணும், கையில கெடச்சதை எடுத்துக் குடுத்தாக பாரு. நமக்குக் கண்மாய்க் கரையில களிமண்ணு கெடக்கு. அதுல கிருமியாம். இருக்கும்தான். கையைக் கழுவுனாப் போகுது.

பகல்ல இம்புட்டு ஆக்டிவிட்டியும் முடிச்சு அனுப்பிட்டு, சாயங்காலம் நாலு பக்கம் கோட்டெழுத்து எழுதிட்டு வரச் சொல்றாக, அது எதுலய்யா சேத்தி? மணிக்கட்டுல எட்டுக் குட்டி எலும்பு. நாலு வயசுப் பிள்ளைக்கு அதுல பாதி இன்னும் குருத்து. என் கண்ணைப் பாத்த ஆசுபத்திரியில ஒரு சின்ன டாக்டர் படத்தைக் காட்டியே சொன்னார். அந்தக் கைக்கு மொச்சை உரிக்கக் குடு. பூ கட்டக் குடு. பல்லாங்குழிக்குப் பதினாலு குழியிலயும் புளியமுத்துப் போடச் சொல்லு. எண்ணும் வரும், வெரலும் முறுகும். பென்சிலு எங்க ஓடிப் போகப் போகுது?

என்ன எந்திரிக்க? பயலையா? ஸ், சத்தம் போடாத. சட்டையா? சட்டை போனாப் போகுது. அங்கன பாரு. பம்புத் தண்ணியை அந்த மேட்டுப் பக்கம் கொண்டு போகணும்னு ரெண்டு தடவை வாய்க்கா வெட்டிட்டான். ரெண்டு தடவையும் தண்ணி திரும்பி வந்துருச்சு. இப்பக் குச்சியைக் கையில வச்சுக்கிட்டுத் தண்ணியவே பாத்துக்கிட்டு நிக்கான். நீ போயி வெட்டிக் குடுத்துராத. உன் கை துறுதுறுங்கிறது எனக்குத் தெரியுது. அந்த ஐஸ் குச்சியில பத்தை மட்டும் எடுத்து அவன் பக்கத்துல சத்தமில்லாம வச்சுட்டு வா. மடை கட்ட ஆகும்.