கும்மிடிப்பூண்டியில் ஐரிஷ் கூட்ஸ் வேகன்: ஒரு மில்லிமீட்டர் குறித்த முதற்கட்ட ஆய்வு

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரயில்வே கேட் எதிலும் காத்து நிற்பவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். கேட் எப்போது திறக்கும் என்று பார்ப்பவர்கள் ஒரு சாரார். போகிற கூட்ஸில் எத்தனை வேகன் என்று எண்ணுபவர்கள் மற்றொரு சாரார். இரண்டாம் சாராருக்குப் பத்து வயதோடு அந்தப் பழக்கம் விட்டுவிடும் என்பது பொது நம்பிக்கை. இவ்வாய்வாளருக்கு வயது 54.

எண்ணுவதோடு நிற்பது அரிச்சுவடி. அடுத்த வகுப்புக்குப் போக வேண்டுமானால் வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதினொரு இலக்க எண்ணைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் வேகனின் ஜாதி. அடுத்த இரண்டு, எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. ஐந்தும் ஆறும் கட்டிய ஆண்டு. அப்புறம் நான்கு இலக்கம் தனி எண், கடைசி இலக்கம் மற்றவை சரியா என்று பார்க்கும் கணக்குப்பிள்ளை. ஐந்தையும் ஆறையும் மட்டும் பிடிக்கக் கண்ணைப் பழக்கினால் ஓடுகிற வண்டியில் ஒவ்வொரு வேகனுக்கும் வயது சொல்லிவிடலாம். ஒருமுறை பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவரிடம், “இது 2008-ல பொறந்தது சார்” என்றேன். அவர் ஸ்கூட்டரை இரண்டடி தள்ளி நிறுத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஒருவன் நம்மூர் கூட்ஸையே மாதிரியாகச் செய்து வைத்துக்கொள்ளலாமே, கடல் தாண்டி அயர்லாந்துக்கு ஏன் போனான் என்பதுதான் இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். விடை நீளத்தில் இருக்கிறது. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் ஒன்று ஏறக்குறைய 10.7 மீட்டர். 58 வேகன் கோத்தால் 620 மீட்டருக்கு மேல். மாதிரி ரயில்காரர்கள் புழங்கும் ‘டபுள் ஓ’ அளவில், அதாவது நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் சுருக்கினாலும், 8 மீட்டருக்குக் குறையாது. என் வீட்டு ஹால் 14 அடி. இன்ஜின் பூஜை அறையில் நின்றால் கார்டு பெட்டி சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். இந்தத் திட்டத்தை மதிப்பீட்டாளரிடம் வைத்தேன். மதிப்பீட்டாளர் என் மனைவி. “ஏங்க, நான் எங்க நிக்கறது?” என்ற ஒற்றை வரியில் அது நிராகரிக்கப்பட்டது.

அயர்லாந்தின் மொத்த ரயில் பாதையும் தமிழ்நாட்டுப் பாதையின் நீளம் வராது. வண்டிகளும் குட்டை. பிஞ்சு கூட்ஸ் என்றே சொல்லலாம். ஆனால் சரக்கு வகையில் அந்தச் சின்ன நாடு சளைத்ததல்ல. சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு, உரத் தொழிற்சாலைக்கு அமோனியா, நவன் ஊர்ப் பக்கம் டாரா சுரங்கத்திலிருந்து டப்ளின் துறைமுகத்துக்குத் துத்தநாகத் தாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேகன் இருந்தது. எனக்கு மனம் போனது சிமென்ட் வேகன் மீது. வயிறு புடைத்த தொட்டி. அந்த ஊர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர் ‘பபுள்’.

டப்ளினில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவுக்கு வரும்போது, “மாமா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டான். மூன்று பபுள் வேகன் வந்தது. திரும்பும்போது மூன்று கிலோ ஆவக்காய் போனது. தபாலில் வரவழைத்திருக்கலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: சுங்கவரிப் பட்டியலில் இந்த மாதிரிகளும் பொம்மைகளும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அதற்கான அடிப்படை வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. சட்டத்தின் கண்ணில் நான் சேகரிப்பது பொம்மை. இந்த ஒரு விஷயத்தில் சட்டமும் என் மனைவியும் ஒன்று.

இனி அகலம். இங்கே சற்று நின்றுதான் போக வேண்டும்.

அயர்லாந்தில் முதலில் ஆளுக்கொரு அகலத்தில் பாதை போட்டார்கள். டப்ளின்–கிங்ஸ்டவுன் கம்பெனி 4 அடி 8½ அங்குலம், அல்ஸ்டர் கம்பெனி 6 அடி 2 அங்குலம், ட்ரோகெடா கம்பெனி 5 அடி 2 அங்குலம். மூன்று வீட்டுச் சண்டை ஒரு தெருவுக்கு வந்த கதைதான். 1843-ல் ஜெனரல் பாஸ்லி என்பவர் நாட்டாமை பார்த்து, யாருடைய அகலமும் இல்லாத 5 அடி 3 அங்குலம் என்று தீர்ப்புச் சொன்னார். அதே அகலம் இன்று ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் சில பகுதிகளில் உண்டு, மற்றபடி உலகில் அதற்குச் சொந்தபந்தம் குறைவு. நம் நாட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்தது. டல்ஹவுசி பிரபு 6 அடிதான் வேண்டும் என்றார். முடிவில் 5 அடி 6 அங்குலம் ஆயிற்று. அந்த அகலத்தில்தான் 1856-ல் ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோட்டுக்குத் தென்னாட்டின் முதல் ரயில் போனது. (திருவள்ளூர் நண்பர்கள் எந்தப் பேச்சையும் இந்த 1856-லிருந்துதான் தொடங்குவார்கள். எங்கள் கூடூர் பாதை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது என்பதால் கும்மிடிப்பூண்டிக்காரன் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.) ஆக, ஐரிஷ் பாதை நம் பாதையைவிட மூன்றே அங்குலம் ஒடுக்கம். பங்காளி என்று சொல்ல முடியாது, ஒன்றுவிட்ட சகலை என்று தாராளமாகச் சொல்லலாம்.

சிக்கல் மாதிரியில் வருகிறது. 4 மில்லிமீட்டர் கணக்குப்படி ஐரிஷ் பாதை 21 மி.மீ., நம் பாதை 22 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் டபுள் ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. காரணம் பழையது. அந்தக் காலத்து மோட்டார், ஒல்லியான பிரிட்டிஷ் இன்ஜினுக்குள் நுழையவில்லை. எனவே ஐரோப்பியத் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் கொஞ்சம் ஊதிப் பெருக்கினார்கள். சட்டை பெரிது, செருப்பு சிறிது. 1938-ல் மெக்கானோ கம்பெனி இந்த அளவில் ‘ஹார்ன்பி டப்லோ’ என்ற பெயரில் ரயில் விற்கத் தொடங்கியது. அதை டப்ளின் என்ற ஊர்ப்பெயரோடு சேர்த்து ஒரு சொற்பிறப்பியல் கட்டுரை எழுதும் ஆசை எனக்கு நெடுநாள் இருந்தது. டபுள் ஓ என்பதன் சுருக்கம்தான் அது என்று தெரிந்தபின் கைவிட்டேன்.

அந்த 16.5 மி.மீ. தண்டவாளத்தில் இந்திய ரயிலை வைத்தால் நிஜக் கணக்கில் அகலம் எவ்வளவு குறைகிறது தெரியுமா? சரியாக 16.5 அங்குலம். இதில் ஏதோ பிரபஞ்ச ரகசியம் இருப்பதாக ஒரு வாரம் தூக்கம் இழந்தேன். ஐரிஷ் ரயிலுக்குப் போட்டுப் பார்த்தபோது 13.5 அங்குலம் வந்து ரகசியத்தைக் கெடுத்தது.

அடுத்து அழுக்கு. புது வேகன் பளபளவென்று இருந்தால் மாதிரி ரயில்காரர்கள் வட்டாரத்தில் மரியாதை கிடையாது. அயர்லாந்தில் காசு கொடுத்து ஏர்பிரஷ், பொடி, திரவம் எல்லாம் வாங்கி துருவும் தூசியும் ஏற்றுகிறார்கள். இதற்குப் பெயர் ‘வெதரிங்’. கும்மிடிப்பூண்டியில் இது இலவசம் என்பது என் கருதுகோள். ஒரு வேகனைப் பீரோவுக்குள்ளும் இன்னொன்றைச் சாலையைப் பார்த்த பால்கனி சுவரிலும் வைத்தேன். ஐந்தாம் நாளே பால்கனி வேகனின் மூடி மேல் இளஞ்சிவப்பாக ஒரு படலம். பத்தாம் நாள் ஏணியின் படிகளுக்கிடையே, விரல் நுழையாத இடத்தில்கூட, மூக்குப்பொடி நிறத்தில் மெல்லிய அடை. இரவுப் பனியில் அது நனைந்து, காலை வெயிலில் காய்ந்து, தொட்டியின் வயிற்றில் கோடு கோடாக இறங்கியிருந்தது. எந்த ஏர்பிரஷுக்கும் அந்தக் கோடு வராது. ஒரே குறை, சிமென்ட் வேகன் சாம்பல் பூத்திருக்க வேண்டும். இது செங்கல் சூளையிலிருந்து வந்தது போலிருந்தது. பதினைந்தாம் நாள் அளவெடுக்கப் போனேன். வேகன் புத்தம் புதிதாக மின்னியது.

“ஒரே தூசியா இருந்துச்சுங்க. ஈரத்துணி போட்டு தொடச்சி வெச்சேன்.”

தரவு இழப்பு என்று ஆய்வுலகில் இதைச் சொல்வார்கள்.

மூன்று வேகனை வைத்துக்கொண்டு வண்டி என்று சொல்லிக்கொள்ள முடியாது. மீதியை நாமே செய்ய வேண்டியதுதான். அடிச்சட்டத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைவிட உயர்ந்த பொருளை இந்த மாவட்டத்தில் நான் காணவில்லை. கனமான அட்டை, நேரான விளிம்பு, பெயிண்ட் அடித்த பிறகு சுருளாது. தை மாதம் முகூர்த்தம் நிறைய வந்தால் எனக்கு வேகன் நிறைய வரும். மை தீர்ந்த பால்பாயிண்ட் முனையால் பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் ஆணித்தலை ஆணித்தலையாகப் புடைக்கும். பிரேக் குழாய்க்கு ஊதுவத்திக் குச்சி. தொட்டிக்குத்தான் திண்டாட்டம். டேபிள் டென்னிஸ் பந்து 38 மி.மீ. இருந்த காலத்தில் வெட்டி ஒட்டினால் ஒருவாறு ஒப்பேற்றியிருக்கலாம். 2000-ல் பந்தை 40 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். நம் கணக்கில் பத்தடி அகலம். நான் படங்களில் பார்த்த எந்த பபுளும் அவ்வளவு தொப்பை போட்டதில்லை. பந்து பெரிதானால் ஆட்டம் நிதானமாகும், டிவியில் நன்றாகத் தெரியும் என்றார்கள். ஐரிஷ் சிமென்ட் வேகனின் கதி என்னவாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டப்ளின் இன்ச்சிகோர் பணிமனையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த சிரில் ஃப்ரை என்பவர் ஐரிஷ் ரயில்களை வாழ்நாளெல்லாம் மாதிரி செய்து குவித்தார். இன்று அவை மாலஹைட் ஊரில், கூரை வேய்ந்த பழைய கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகமாக இருக்கின்றன. அவருக்குப் பக்கத்திலேயே பணிமனை இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருப்பது லேத் பட்டறை.

அங்கேதான் மூன்றாவது வேகனை எடுத்துப் போனேன். 16.5 பொய்யை ஒழித்து 21 மி.மீ. உண்மையில் அதை நிறுத்துவது நோக்கம். அச்சை நீளமாகக் கடைய வேண்டும். லேத் மாஸ்டர் உருட்டாலை ரோலர் கடைகிறவர். அவர் வழக்கமாகத் தூக்கும் இரும்பு என் எடை இருக்கும். வேகனை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

“இதுல என்ன சார் லோடு ஏறும்?”

“ஒண்ணும் ஏறாதுண்ணே.”

“அப்பறம் எதுக்கு அச்சு?”

சொன்னேன். அயர்லாந்து, பாஸ்லி, நாட்டாமை, எல்லாம். ஒரு வெல்டரும் இரண்டு ஹெல்ப்பரும் கூட நின்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை அச்சு தயார். துல்லியமான வேலை, முனை ஊசி மாதிரி. வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்துப் பார்த்தால் சக்கரம் நிற்பது 22 மி.மீ. பாதைக்கு. ஒரு மி.மீ. என்றால் நம் கணக்கில் மூன்று அங்குலம். அயர்லாந்துக்கும் இந்தியாவுக்கும் உள்ள வித்தியாசமே அந்த மூன்று அங்குலம்தான். விசா, விமானம் எதுவும் இல்லாமல் என் பபுள் வேகன் லேத்தில் ஏறி இறங்கிய இடைவெளியில் இந்தியக் குடியுரிமை வாங்கிவிட்டது.

மறுநாள் திரும்பப் போனேன்.

“ஒரு எம்எம்தானே சார்?”

“அது எம்எம் இல்லண்ணே, ஒரு தேசம்.”

மாஸ்டர் வேகனை வாங்கி மேசை மேல் வைத்து விரலால் தள்ளிவிட்டார். கிரீஸ் படிந்த தகரத்தின் மேல் அது நேராக ஓடி, வெல்டரின் டீ கிளாஸில் முட்டி நின்றது.

“நல்லாத்தான் ஓடுது. இருபத்தொண்ணா, இருபத்திரண்டா? வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு திங்கக்கிழமை வாங்க. ஞாயித்துக்கிழமை கரண்ட் கிடையாது.”