சும்மா இருந்தால் குத்தகை, உழுதால் மானியம்

சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று நம் சித்தர்கள் பாடிப் பாடி ஓய்ந்தார்கள். அமெரிக்கா 1985-இல் அதைச் சட்டமாக்கி, ஏக்கருக்கு இவ்வளவு என்று வருடக் குத்தகையும் கொடுக்க ஆரம்பித்தது. பயிர் வைக்காதே, புல்லை விதை, பத்துப் பதினைந்து வருடம் கலப்பையைத் தொடாதே. பணம் வீடு தேடி வரும். கான்சாஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்துக் கவுண்டிகளில் (அவர்கள் ஊர் மாவட்டங்கள்), மழை பொய்த்தாலும் பொய்க்காத மகசூல் இது ஒன்றுதான்.

காரணம் நியாயமானதே. புல்வெளியை ஒட்ட உழுதுபோட்டு, 1930-களில் மேல்மண் புழுதிப் புயலாய்க் கிளம்பிப் பகலை இருட்டாக்கிய ஊர்கள் அவை. மோர்ட்டன் கவுண்டியில் பாழ்பட்ட நிலத்தை அரசே விலைக்கு வாங்கிப் புல் வளர்க்க வேண்டி வந்தது. பட்ட பிறகாவது புத்தி வந்ததே என்று நாம் மெச்சியிருக்கலாம்.

2007-இல் இப்படி ஓய்வெடுத்த நிலம் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர். அதே வருடம் டிசம்பரில் அதே அரசு இன்னொரு சட்டம் போட்டது: காருக்கு இன்னும் எத்தனால் வேண்டும். எத்தனாலுக்கு மக்காச்சோளம் வேண்டும். மக்காச்சோளத்தின் விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்களில் டிராக்டர் இறங்கியது. வருடக்கணக்கில் குத்தகை கொடுத்து வளர்த்த புல் ஒரே உழவில் மண்ணுக்குள் போயிற்று. பத்தே வருடத்துக்குள் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் காலி. உழுத நிலத்துக்குப் பயிர்க் காப்பீடும் உண்டு, பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசே கட்டிவிடும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குகிறவர்கள் இவர்கள்தான்.

தண்ணீர்க் கதை இன்னும் விசேஷம். அந்தக் கவுண்டிகள் பிழைப்பது ஒகல்லாலா என்னும் நிலத்தடி நீரால். அதன் மட்டம் பல இடங்களில் இறங்கிக்கொண்டே போகிறது. வயல் நடுவே அச்சை ஊன்றி வட்டமாகச் சுற்றிவரும் ராட்சதக் குழாய்தான் அங்கே பாசனம். முன்பு அது உயரத்திலிருந்து பீய்ச்சும், ஒரு பங்கு காற்றோடு போகும். இப்போது குழாயிலிருந்து வால் வாலாகத் தொங்கும் முனைகள் பயிரின் தலைக்கருகே மெல்லத் தெளிக்கின்றன. மாற்றிக்கொள்ள மானியம் கொடுத்தார்கள். மிச்சமான தண்ணீர் என்ன ஆயிற்று? அதிகம் குடிக்கும் பயிருக்கும் கூடுதல் நிலத்துக்கும் பாய்ந்தது. இறைப்பு குறைவதற்குப் பதில் கூடிவிட்டது என்று மேற்கு கான்சாஸ் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். வங்கிக் கடனும் கையில் பம்புசெட்டும் உள்ளவர் வேறென்ன செய்வார்? காசோலையில் கையெழுத்துப் போட்ட கைக்கு, “இறைப்பைக் குறை” என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வலித்ததா?

அடுத்தது சாணிக் குட்டை. ‘சுற்றுச்சூழல் தரம்’ என்று பெயரிலேயே தாங்கிய ஒரு திட்டம் 1996-இல் வந்தது. சாணி தேக்கும் குட்டைக்கு மிகப் பெரிய பண்ணைகள் அதில் பணம் கேட்க முடியாது. அது பொறுக்குமா? 2002-இல் அந்தத் தடையைத் தூக்கினார்கள். பணத்தில் 60 சதவீதம் கால்நடைக்கே என்றார்கள். ஆளுக்கு நாலரை லட்சம் டாலர் வரை தரலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கில் பன்றியை அடைத்து வளர்க்கும் கம்பெனி, அதன் மூத்திரம் தேங்கக் குட்டை வெட்டினால் அது இயற்கைப் பாதுகாப்பு! செலவில் ஒரு பங்கு வரி கட்டுகிறவருடையது. நாற்றம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரருடையது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கணக்குக் கேட்கலாமே? அதற்கும் 2008 விவசாயச் சட்டத்தில் 1619-ஆம் பிரிவு இருக்கிறது. யார் எவ்வளவு வாங்கினார் என்று விவசாயத் துறை சொல்லலாம். எந்த நிலத்தில், என்ன வேலைக்கு என்பது விவசாயி நம்பிக் கொடுத்த தகவல். அதை வெளியே விடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.