பெட்டைக் குதிரை இலக்கணம்: கெண்டக்கிப் படலம்

கெண்டக்கிப் பந்தயக் குதிரைப் பண்ணைகளில் ஆண்டு இரு வகைப்படும்: சூரியன் வகுத்தது ஒன்று, பதிவேடு வகுத்தது மற்றொன்று. பதிவேட்டின்படி, வட அரைக்கோளத்துத் தாரோபிரெட் குட்டிகளுக்கெல்லாம் பிறந்தநாள் ஜனவரி 1. டிசம்பர் 31இல் விழுந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது; பாவம், ஓடும் காலத்தில் தன்னைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்ததோடு மல்லுக்கட்ட வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். ஆகவே பிப்ரவரி நடுவிலேயே இணை சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். பெட்டைக்கோ பகல் நீண்டால்தான் பருவம். இந்த வழக்கில் யார் யார் எப்படி முரண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கொண்டே பெட்டைகள் வகுக்கப்படும்.

முதலாவது, உறங்கி. குளிர்காலம் முழுக்க எந்த ஆணையும் ஏறெடுத்துப் பாராது. இதற்கு மருந்து வெளிச்சம். டிசம்பர் தொடக்கத்திலிருந்து, பகலும் பல்புமாக நாளுக்கு 16 மணி நேரம், இரண்டு மாதம். ஒரு கண்ணுக்கு மட்டும் நீல ஒளி பாய்ச்சும் முகமூடியும் உண்டு. ஒற்றைக் கண்ணில் கோடையும் மறுகண்ணில் பனியுமாக அது பாட்டுக்கு மேயும்.

அடுத்தது போக்குக்காட்டி. வாலைத் தூக்கும், காலை அகட்டிச் சிறுநீர் சொட்டும், வாரக்கணக்கில் ஆசை காட்டும். முட்டை மட்டும் வராது.

இதற்கு நேர்மாறு ஊமைச்சி: முட்டை உண்டு, சாடை இல்லை. சோதித்துப் பார்க்க வேலியோரம் கொண்டுவரும் டீசர் குதிரை தொண்டை கட்டக் கனைத்தாலும் அசையாது. ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். சினைப்பைக் கொப்புளம் 35 மில்லிமீட்டர் திரண்டதும் ஊசி போட்டால் சுமார் இரண்டு நாளில் முட்டை வெளியாகும். தாரோபிரெட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல் விதிப்படி ஆகாது. ஆகவே அந்த இரண்டு நாளுக்குள் பொலிகுதிரையிடம் நேரம் வாங்கியாக வேண்டும்.

21 நாளுக்கொரு முறை தவறாமல் பருவத்துக்கு வரும் ஒழுங்கியைப் பற்றி உரைக்க ஒன்றுமில்லை.

ஈன்றவள் என்னும் வகையில்தான் சச்சரவு. ஆண்டுக்கொரு குட்டி வேண்டுமானால் ஈன்றபின் கையிருப்பு 25 நாள். ஏழு முதல் பத்து நாளுக்குள் வரும் முதல் பருவத்திலேயே சேர்ப்பது ஒரு கட்சி. கருப்பை தேறட்டும் என்று அதை விட்டுவிட்டு, பின்னர் ஊசியால் அடுத்ததை முன்னே இழுப்பது மறு கட்சி. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.

கடைசி வகை, பொய்ச்சினையாள். நாற்பது நாளுக்குப் பிறகு கரு கலைந்தாலும், அது கருப்பைச் சுவரில் விட்டுப்போன கிண்ணங்கள் நான்காம் மாதம் வரைகூட ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும். அவை ஓய்ந்து இவள் வாலைத் தூக்கும்போது, பொலிகுதிரை ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியிருக்கும். அங்கே பிறந்தநாள் ஆகஸ்ட் 1.