இரண்டாவது தந்தி

கிதார் வாசிக்கக் கற்றுக்கொண்டதன் பலனாக நீர் அடைந்தது என்ன என்று யாராவது விசாரித்தால், இடது கை விரல் நுனிகளில் ஏறியிருக்கும் காய்ப்பையும், கொதிக்கக் கொதிக்கக் காப்பி டம்ளரை அந்த விரல்களால் பதறாமல் பற்றும் சாமர்த்தியத்தையும் காட்டிவிட்டு மௌனம் சாதிப்பதே உசிதம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் வருஷக்கணக்காக அந்த வாத்தியத்தோடு மன்றாடிய பிறகு, அதை வாசிக்கும் நேரத்தைக் காட்டிலும் அதற்குச் சுருதி சேர்க்கும் நேரமே அதிகம் என்பதும், ஞானோதயம் என்று ஏதாவது சித்திப்பதாயிருந்தால் அது அந்த வேளையில்தான் சித்திக்க வேண்டும் என்பதும் புலனாயின.

கிதாருக்குத் தந்திகள் ஆறு. ஒரு தந்தியின் ஐந்தாவது மெட்டில் விரலை அழுத்தி மீட்டினால், அடுத்த தந்தியை வெறுமனே மீட்டும்போது எழ வேண்டிய நாதம் கிடைத்துவிடும். இந்த எளிய ஏற்பாட்டுக்கு மற்றத் தந்திகளெல்லாம் தலைவணங்க, இரண்டாவது தந்தி மாத்திரம் நான்காவது மெட்டில்தான் பேசுவேன் என்று அடம் பிடிக்கும். அடம் அத்துடன் தீர்ந்தாலும் பாதகமில்லை. பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிக்கும் கார்டுகளில், 'ஜி' கார்டில் அது காந்தாரம். 'இ' கார்டிலோ அதுவே பஞ்சமம். காந்தாரம் செவிக்கு இனிக்கட்டுமே என்று பிருடையைச் சிறிது தளர்த்தினால் பஞ்சமம் அழுது வடியும், பஞ்சமத்துக்குப் பரிந்து முறுக்கினாலோ, வீணை பயின்ற என் அத்தை கூடத்திலிருந்தபடியே, "காந்தாரம் ஏறியிருக்குடா!" என்று அறிவிப்பாள்.

அத்தையின் செவியை அவமதிப்பதாகாது. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டுக்கு இடையேயுள்ள தூரத்தை நூறு பங்காக்கினால், கிதாரின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 பங்கு உயர்ந்தே நிற்கிறது. பஞ்சமமும் 2 பங்கு தாழ்ந்திருக்கிறது. சுத்தமான பஞ்சமங்களைப் பன்னிரண்டு முறை அடுக்கிக்கொண்டே போனால் ஏழு ஸ்தாயிகளைச் சற்றே தாண்டிவிடும் என்பது பிரபஞ்சத்தின் பழைய விஷமம். அந்த உபரியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், ஐரோப்பியர்கள் அதை எல்லா ஸ்வரங்களின் தலையிலும் சமமாகப் பங்கிட்டுவிட்டார்கள். பூமி சுற்றுகிறது என்று சொல்லி வம்பில் மாட்டிக்கொண்ட கலிலியோவின் தகப்பனார் வின்சென்ஸோ, 1581-இல் வெளியிட்ட இசை நூலில், லூட் வாத்தியத்தின் மெட்டுகளை 18-க்கு 17 என்ற விகிதத்தில் வைத்துக்கொண்டே போகலாம் என்று யோசனை கூறினார். அவ்விதம் வைத்தால் பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நடுமத்தியை மயிரிழை தூரத்தில் கோட்டை விடும். ஆகவே இக்காலத்துக் கைவினைஞர்கள் தந்தியின் நீளத்தை 18-க்குப் பதிலாக 17.817 என்ற எண்ணால் வகுத்து, மெட்டுக் கம்பிகளைப் பலகையில் அறைந்து விடுகிறார்கள். அத்தையின் வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. பிசகினால் ஆசாரி வந்து மெழுகை இளக்கிச் சரிசெய்து தருவார். போதாக்குறைக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் சமாளிக்கலாம். ஒரே ஷட்ஜத்தில் ஆயுள் முழுவதும் சுகமாக வீற்றிருப்பவர்களுக்கு இதெல்லாம் சாத்தியம். கார்டுக்குக் கார்டு ஷட்ஜம் மாறிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

 

இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்ட தினத்தில் நான் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. இத்தனை வருஷமாக என்மீது சுமத்தப்பட்டு வந்த அபவாதம் முழுவதற்கும் கணித சாஸ்திரமே பொறுப்பு என்று ருசுவாகிவிட்டதல்லவா? உடனே கூடத்துக்குச் சென்று, பன்னிரண்டு பஞ்சமங்களையும் ஏழு ஸ்தாயிகளையும் கலிலியோவின் தகப்பனாரையும் வரிசைக்கிரமமாக எடுத்துரைத்து, அத்தையின் தீர்ப்புக்காகக் காத்து நின்றேன். அவள் பாக்கு வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்:

"அந்தப் பதினாலு பங்கு அதோட தலையெழுத்துன்னே வச்சுக்கோ. நேத்து ராத்திரி அதுக்கும் மேலே எங்க காதிலே விழுந்ததே, அது யாரோட கணக்குடா?"

இரண்டாவது தந்தி அச்சமயம் சற்று இறங்கியிருந்தபடியால், அதைக் கவனிக்க வேண்டிய அவசரத்தில் எனக்குப் பதில் சொல்லச் சாவகாசம் வாய்க்கவில்லை.